தலை தீபாவளி ராட்செட்

இடிக்குதாக்கா? பொறுங்க, பையை இந்தப் பக்கம் மாத்தி வச்சுக்கிறேன். வேற ஒண்ணுமில்ல, ஒரு ராட்செட்டு. அதோட கைப்பிடிதான் உங்க இடுப்புல முட்டிக்கிட்டு வருது.

ராட்செட்டுன்னா தெரியாதா உங்களுக்கு? குடுத்து வச்சவுக நீங்க. எனக்கும் கல்யாணத்துக்கு முன்னாடி தெரியாது. நட்டு கழட்டுற சாமான்க்கா. சும்மா ஸ்பேனரா இருந்தா, ஒவ்வொரு திருப்புக்கும் உருவி உருவி மாட்டணும். இதுல அந்தச் சோலி இல்ல. இந்தப் பக்கம் தள்ளுனா நட்டைப் பிடிக்கும். அந்தப் பக்கம் இழுத்தா டிர்ருனு சும்மா வரும். மாட்டுனது மாட்டுனபடி ஆட்டிக்கிட்டே இருந்தாப் போதும், நட்டு தன்னால கழண்டு வந்துரும். கை நொழையாத சந்துல இருக்குற நட்டைக்கூட விடாது. உள்ளுக்குள்ள சின்னச் சின்னப் பல்லு இருக்கு, அந்தப் பல்லு நல்லா இருந்தா ராட்செட்டு நல்லா இருக்கு. அம்புட்டுதான்.

இவளுக்கு எப்படி இம்புட்டு தெரியுதுன்னு பாக்குறீகளா? எனக்கு ஒண்ணுமே தெரியாதுக்கா. எனக்கு இந்த மெக்கானிக் சோலின்னாலே ஆகாது. எல்லாம் எங்க வீட்டுக்காரரைத் திட்டித் திட்டித் தெரிஞ்சுக்கிட்டதுதான்.

நீங்க தேனி வரைக்குமா? நல்லதாப் போச்சு. நான் ஆண்டிபட்டி. சன்னல் சீட்டை நீங்களே வச்சுக்கோங்க. எனக்குக் காத்து முக்கியமில்ல, காது குடுக்க ஆளு இருந்தாப் போதும். காலையில இருந்து யாருகிட்டயாச்சும் சொல்லணும் சொல்லணும்னு வயித்துக்குள்ள வச்சுக்கிட்டே திரியிறேன்.

என் பேரு பவுன்தாய். எங்க வீட்டுக்காரரு பேரு தவசி. ஆண்டிபட்டியில ரபீக் அண்ணன்னு ஒருத்தரு, அவரும் இவரும் சேந்து பட்டறை வச்சிருக்காக. ஜீப்பு, டிராக்டரு, மினி லாரி, எல்லா டீசல் வண்டியும் பாப்பாக. மலைக்கு ஆளு ஏத்திட்டுப் போற ஜீப்பு எல்லாம் இவுக கையில வந்துட்டுத்தான் மேல ஏறும். வேலையில கெட்டிக்காரரு, அதுல நான் குறை சொல்லல. மனுசனாத்தான் சரியில்ல.

என்ன குறைன்னு கேளுங்க. ஒரு ராட்செட்டைப் பாத்து எடுக்க அந்த மனுசனுக்கு எட்டு மாசம் பத்தல. என்னையப் பாத்து எடுக்க எம்புட்டு நேரம் ஆச்சு தெரியுமா? ஒரு டம்ளர் காப்பி குடிக்கிற நேரம்! அதுவும் காப்பி ஆறிப்போயிருந்துச்சு, மடக்குனு குடிச்சுட்டாரு.

பொண்ணு பாக்க வந்தாகள்ல, அன்னைக்கு நான் பட்டுச்சேலை கட்டி, தல நெறைய பூ வச்சு, முன்னால வந்து நிக்கிறேன். எங்க வீட்டு ஃபேன் அப்பக் கடகடன்னு சத்தம் போடும். இவரு டம்ளரைக் கையில பிடிச்சுக்கிட்டு அண்ணாந்து அந்த ஃபேனையே பாத்துட்டு இருக்காரு. எங்கப்பா பொறுத்துப் பொறுத்துப் பாத்துட்டு, "என்னப்பா, பிடிச்சிருக்கா"ன்னு கேட்டாரு. இவரு என்ன சொன்னாருன்னு நெனைக்கிறீக? "ஃபேன்ல புஷ்ஷு தேஞ்சிருக்கு மாமா, மாத்துனா சரியாயிரும்."

அம்புட்டுத்தேன். மாமான்னு கூப்பிட்டுட்டாருன்னு எங்கப்பா சந்தோசத்துல தட்டை மாத்திட்டாரு. என்னைய ஒரு நிமிசம் திரும்பிப் பாத்தாரான்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. கேட்டா, "பாத்தேன் பாத்தேன்"ங்கிறாரு. எப்பப் பாத்தீகன்னா, "ஃபேன் ஒரு சுத்து சுத்துறதுக்குள்ள பாத்தேன்"ங்கிறாரு. இதெல்லாம் ஒரு பதிலா?

சிரிக்காதீகக்கா. பொழைக்கிறவளுக்குத்தான் தெரியும்.

இந்தா, செக்கானூரணி வந்துருச்சு. பூ வாங்குறீகளா? இங்க மல்லி நல்லாருக்கும். வேணாமா, சரி. எங்க விட்டேன்? ஆங், தலை தீபாவளி.

எங்க பக்கம் தலை தீபாவளிக்கு மாப்பிள்ளைக்கு மோதிரம் போடுறது வழக்கம். உங்க பக்கமும் அப்படித்தானே? எங்கப்பாவும் அண்ணனும் மோதிரத்துக்குத் தயாராத்தான் இருந்தாக. நான்தான் குறுக்க விழுந்தேன். மெக்கானிக்கு விரல்ல மோதிரம் எதுக்கு? பட்டறையில ஒருத்தனுக்கு மோதிரம் போல்டுல மாட்டி, வண்டி மேல இருந்து குதிக்கையில விரல் தோலு அப்படியே உரிஞ்சு வந்துருச்சுன்னு கேட்டதுல இருந்து எனக்குத் தூக்கமே இல்ல. இவருக்கு மோதிரம் போட்டா ஒண்ணு விரல் போகும், இல்லாட்டி மோதிரம் பெட்டியில கெடக்கும். அதனால, "மோதிரம் வேணாம்ப்பா, அவரு தொழிலுக்கு ஆகுற மாதிரி ஒரு டூல்ஸ் பெட்டி வாங்கிக் குடுங்க"ன்னு சொன்னேன். யாருக்கு வரும் இந்த யோசனை? எங்க மாமியா மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டு ஒரு வாரம் பேசல. சொந்தக்காரவுக எல்லாம், "மோதிரத்துக்குப் பதிலா ஸ்பேனராம்ல"ன்னு சிரிச்சாக. சிரிச்சுட்டுப் போகட்டும். என் புருசன் விரல் பத்தும் பத்திரமா இருக்குல்ல?

நானும் எங்க அண்ணன் காசிமாயனும் போயித்தான் வாங்குனோம். கடைவீதியில தீபாவளிக்குன்னு ஒருத்தன் தள்ளுபடிக் கடை போட்டிருந்தான். செவப்புப் பெட்டி, உள்ள வெல்வெட்டு, ஒவ்வொரு சாமானும் அது அது குழியில நகைக்கடையில வச்ச மாதிரி உக்காந்திருக்கு. அந்த ராட்செட்டைக் கையில எடுத்தேன் பாருங்க, அப்படி ஒரு மினுமினுப்பு. அதுல மொகத்தைப் பாத்து நெத்திப் பொட்டைக்கூட சரி பண்ணிக்கிட்டேன். பொட்டு தெரியிற அளவுக்கு மின்னுனா அது மட்டமான சாமானாவா இருக்கும்? நீங்களே சொல்லுங்க.

தீபாவளியன்னைக்கு எண்ணெய் தேச்சுக் குளிச்சுட்டு வந்து பெட்டியைத் தொறந்தாரு. ராட்செட்டை எடுத்தாரு. காதுகிட்ட வச்சு ரெண்டு சுத்து சுத்துனாரு. மறுபடி ஒரு சுத்து. அப்புறம் என்னைய நிமிந்து பாத்தாரு. நான் கதவோரம் நின்னுக்கிட்டு இருக்கேன். "நீயா எடுத்த?"ன்னாரு. ஆமான்னேன். "ரொம்ப நல்லாருக்கு"ன்னாரு. அதை எடுத்து வேட்டி இடுப்புல சொருகிக்கிட்டு, அன்னைக்குப் பூராம் எங்க தெருவுல அப்படியே திரிஞ்சாரு. அதைப் பாத்து எங்கப்பாவுக்குப் பெருமை தாங்கல.

ஒரு மெக்கானிக்கே ரொம்ப நல்லாருக்குன்னு சொன்ன சாமான்க்கா. அதை நீங்க ஞாபகம் வச்சுக்கணும். ஏன்னா, அதுக்கப்புறம் அது கெட்டுப்போனதுக்கு யாரு காரணம்? இவரோட முரட்டுக் கை!

பெட்டியில இருந்த மத்த சாமானெல்லாம் ஒரு வருசத்துல ஒண்ணொண்ணா ஒடஞ்சும் வளஞ்சும் போயிருச்சு. ராட்செட்டு மட்டும் மிச்சம். அதுவும் ஒழுங்கா இருக்கா? அப்பப்ப வழுக்கும். நட்டைப் பிடிச்சிருக்குன்னு நம்பி அழுத்துனா, பல்லு படக்குனு விட்டுரும், கை போயி எதுலயாச்சும் மோதும். எப்பப் பாத்தாலும் கையில ஒரு செராய்ப்பு, ஒரு துணிக்கட்டு. ஞாயித்துக்கெழமை ஆனா வாசல்ல சாக்கை விரிச்சு உக்காந்துருவாரு. ராட்செட்டைக் கழட்டி, உள்ள இருக்குற பல்லை பிரஷ் போட்டுத் தேச்சு, அரம் வச்சு ராவி, கிரீஸ் தடவி, மூடி, சுத்திப் பாத்து, மறுபடி கழட்டி. என்ன பிரஷ்ஷு தெரியுமா? நான் பல்லு வெளக்குற பிரஷ்ஷு! "ஏங்க, அதுக்கும் பல்லு, எனக்கும் பல்லு, ரெண்டுக்கும் ஒரே பிரஷ்ஷா"ன்னு நான் கத்துறேன், இவரு, "உன் பிரஷ்ஷுதான் மெதுவா இருக்கு பவுனு"ங்கிறாரு.

ஆயுத பூஜைக்கு வந்து பாக்கணும் நீங்க. பட்டறையில கம்ப்ரஸர் இருக்கு, வெல்டிங் மிஷின் இருக்கு, அம்புட்டு சாமான் இருக்கு. முதல் சந்தனம் குங்குமம் அந்த ராட்செட்டுக்குத்தான். பக்தி எல்லாம் இல்லக்கா. பெட்டியைத் தொறந்தா மேலாக்க இருக்குறது அதானே, கைக்கு வாட்டமா இருந்திருக்கும்.

மறுபடி சிரிக்கிறீக. சரி, இனிமே சொல்றதுக்கு உங்களுக்குச் சிரிப்பு வராது.

போன மாசிக்கு ஒரு ஜீப்புல வேலை. எஞ்சினுக்கு அடியில போல்டு ஒண்ணு துருப்பிடிச்சு வரமாட்டேங்குது. இவரு மொத்தப் பலத்தையும் போட்டு அழுத்தியிருக்காரு. பல்லு விட்டுருச்சு. வலது கை போயித் தகடு முனையில மோதி, விரல் முட்டி எலும்பு வெள்ளையாத் தெரியிற அளவுக்குக் கிழிஞ்சுபோச்சு. தையல் போட்டாக. டாக்டரம்மா என்னையக் கூப்பிட்டு, "இதே எடத்துல இன்னொரு அடி பட்டா நரம்பு போயிரும்மா, அப்புறம் விரல் மடங்காது"ன்னு சொல்லிட்டாக. மெக்கானிக்குக்கு வலது கை விரல் மடங்கலைன்னா அப்புறம் என்னக்கா இருக்கு? எங்க வீட்டு அடுப்பு அந்தக் கையிலதான் எரியுது. ஆஸ்பத்திரிப் படியில உக்காந்து நான் அழுத அழுகை, போற வர்றவுக எல்லாம் உள்ள யாரோ போயிட்டாக போலன்னு நெனச்சுட்டாக.

எங்க அண்ணன் பாக்க வந்தான். வந்தவன், "மாப்ள, நாங்க வாங்கிக் குடுத்த ராட்செட்டா வழுக்குச்சு?"ன்னு கேட்டான். பாவம், அவனுக்கு மனசு உறுத்துச்சு. இவரு படக்குனு எந்திரிச்சு உக்காந்து, "சேச்சே, அது தங்கம் மச்சான். நான்தான் நட்டுல சாக்கெட்டைச் சரியா மாட்டல"ன்னாரு. கேட்டீகளா? அவரு வாயாலயே ஒத்துக்கிட்டாரு! தப்பு அவரு மேலதான்னு நான் இத்தனை வருசமாச் சொல்லிக்கிட்டிருந்தது சரியாப் போச்சா இல்லையா?

தப்பு யாரு மேலயோ இருந்துட்டுப் போகுது, கை முக்கியம்ல. "புதுசு ஒண்ணு வாங்குங்க"ன்னேன். "சரி"ன்னாரு. சரின்னு சொல்லி எட்டு மாசம் ஆச்சு.

மதுரையில ரயில்வே ஸ்டேசன் பக்கத்துல அண்ணாச்சி ஒருத்தரு சாமான் கடை வச்சிருக்காரு. உதிரிச் சாமான் வாங்க இவரு வாராவாரம் போவாரு. ஒருதரம் நானும் கூடப் போனேன், என்னதான் நடக்குதுன்னு பாத்துருவோம்னு. கடைக்குள்ள கால் வைக்கல, அண்ணாச்சி உள்ள பாத்து, "ஏப்பா, மாப்ள பொண்ணு பாக்க வந்துட்டாரு, எல்லாத்தையும் எடுத்து வைங்க"ன்னு சத்தம் குடுக்குறாரு! எனக்கு ஒரே வெக்கமாப் போச்சு. வேலையாளுக எல்லாம் சிரிக்கிறாக. நான் தெரியாத ஆளு மாதிரித் தள்ளிப்போயி தராசு பாத்துக்கிட்டு நின்னுட்டேன்.

பாக்குறாருக்கா, அப்படிப் பாக்குறாரு. கண்ணுல வெளக்கெண்ணெய் ஊத்திக்கிட்டுப் பாக்குறதும்பாகள்ல, அதை அன்னைக்குத்தான் பாத்தேன். மொதல்ல கண்ணை மூடிக்கிட்டு காதுகிட்ட வச்சுச் சுத்துறாரு. ஒண்ணை அப்பவே தள்ளிட்டாரு, "பல்லு பெருசு. ஒரு பல்லு நகரவே கையை இம்புட்டுத் தூரம் வீசணும், ஜீப்புக்குள்ள அதுக்கு எடமேது"ன்னு. இன்னொண்ணு ரப்பர் கைப்பிடி. அதுக்கு, "ஆறு மாசம் டீசல்ல ஊறுனா உப்பிப் போயி கழண்டு வந்துரும்"ங்கிறாரு. இன்னொண்ணுல, திருப்புற தெசையை மாத்த ஒரு சின்ன லிவர் இருக்கும்ல, அது பெருவெரல் லேசாப் பட்டாலே மாறிக்குது. "நான் கழட்டிக்கிட்டு இருக்கும்போது இது இறுக்க ஆரம்பிச்சுரும்"னு அதையும் தள்ளிட்டாரு. அப்புறம் சட்டைப் பையில இருந்து ஒரு போல்டையும் நட்டையும் எடுக்குறாரு. வீட்ல நான் துணி தொவைக்கையில பக்கெட்டுக்குள்ள டணார்னு விழுமே, அதே போல்டு. நட்டை லேசா, விரல்ல தள்ளுனாலே சுத்துற மாதிரி மாட்டிட்டு, ராட்செட்டைப் பின்னால இழுத்துப் பாக்குறாரு. மட்டமான ராட்செட்டு நட்டையும் சேத்துப் பின்னால இழுத்துட்டு வந்துரும். நல்லது நட்டை அப்படியே விட்டுட்டு, தான் மட்டும் டிர்ருன்னு திரும்பி வரும். கடைசியா எண்ணெய்த் துணி ஒண்ணை எடுத்துக் கையில பூசிக்கிட்டுக் கைப்பிடியை இறுக்கிப் பாக்குறாரு, வழுக்குதான்னு.

எனக்கு நெஞ்சு பொறுக்குமா? எங்க வீட்டுக்கு வந்தன்னைக்கு இதுல பாதி பாத்திருந்தாக்கூட எனக்குப் பெருமையா இருந்திருக்கும்ல?

அன்னைக்கு ஒண்ணு எல்லாத்துலயும் தேறிருச்சு. பொடிப் பல்லு, ஒல்லித் தலை, சொரசொரன்னு இரும்புக் கைப்பிடி. இவரு மொகத்துல அப்படி ஒரு சிரிப்பு. அண்ணாச்சி பொட்டணம் கட்டக் காகிதத்தைக் கிழிச்சுட்டாரு. நான் சாமியைக் கும்புட்டுக்கிட்டேன். இவரு அதைத் தடவிப் பாத்துட்டு மெதுவாக் கீழ வச்சுட்டு, "அடுத்த வாரம் பாக்கலாம் அண்ணாச்சி"ங்கிறாரு. அதோட விட்டாரா? தோள்பையில இருந்து நம்ம பழசை எடுத்து முன்னால வச்சு, "இதுக்கு உள்சாமான் எதுவும் வந்துச்சா?"ன்னு கேக்குறாரு. அண்ணாச்சி தலையில அடிச்சுக்கிட்டாரு. "மாப்ள, வாராவாரம் கேக்குற. இதுல கம்பெனி பேரே இல்ல. பேரே இல்லாததுக்கு நான் எங்க போயி உள்சாமான் தேடுவேன்?"

கஞ்சம்க்கா. சுத்தக் கஞ்சம். கையில காசை வச்சுக்கிட்டு, பழசை ஒட்டுப்போட்டே ஓட்டிரலாம்னு பாக்குறாரு. இல்லாட்டி வேற என்ன? நீங்க பாட்டுக்கு வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிக்கிறீக. வேற காரணம் இருந்தாச் சொல்லுங்க, கேட்டுக்கிறேன்.

சொல்ல மாட்டீகளா? இல்லைன்னா எப்படிச் சொல்வீக.

இந்தா, கருமாத்தூரு. இதான் நான் பொறந்த ஊரு. அந்தா அந்தத் தெருவுலதான் இடுப்புல ராட்செட்டைச் சொருகிக்கிட்டுத் திரிஞ்சாரு.

நேத்து மறுபடி வழுக்கிருச்சுக்கா. பழைய காயத்துக்குப் பக்கத்துலயே. ஒரு நூலு தள்ளிப் பட்டிருந்தா அவ்வளவுதான். துணியைச் சுத்திக்கிட்டு வந்து, "ஒண்ணுமில்ல பவுனு, பூனை பிராண்டிருச்சு"ங்கிறாரு. பட்டறையில ஏது பூனை? அப்பவே முடிவு பண்ணிட்டேன். இந்த மனுசன் வாங்க மாட்டாரு, நாமதான் போகணும்னு. காலையில அவரு குளிக்கப் போனதும் பெட்டியைத் தொறந்து பழசை எடுத்துப் பையில போட்டேன். அழுக்குச் சட்டையில இருந்து போல்டையும் நட்டையும் எடுத்துக்கிட்டேன். மதுரையில சித்தியைப் பாத்துட்டு வரேன்னு சொல்லிட்டுக் கெளம்பிட்டேன்.

கடையில அண்ணாச்சி சாப்பிடப் போயிருந்தாரு. வேலைக்காரத் தம்பி என்னையப் பாத்துட்டு, "பரிசு குடுக்கவாக்கா?"ன்னு கேட்டு, பளபளன்னு ஒண்ணை எடுத்து நீட்டுச்சு. செவப்புப் பெட்டியோட! மினுமினுப்பைப் பாத்து மயங்குற ஆளா நானு? "தம்பி, இந்தச் சோலியெல்லாம் வெவரம் தெரியாத பொம்பளைககிட்ட வச்சுக்க. பொடிப் பல்லு உள்ளதை எடு, இரும்புக் கைப்பிடி எடு"ன்னேன். போல்டை எடுத்து வச்சேன் பாருங்க, பக்கத்துல நின்ன லாரிக்காரரு ரெண்டு பேரு தங்களோட வேலையை விட்டுட்டு வேடிக்கை பாக்க வந்துட்டாக. ஒவ்வொண்ணா மாட்டுறேன், பின்னால இழுக்குறேன், நட்டு கூட வந்தாத் தள்ளிர்றேன். எண்ணெய்க்கு என்ன பண்றதுன்னு பாத்தேன். என் தலையில இருக்குற எண்ணெய் போதாதா? உள்ளங்கையில தடவிக்கிட்டுப் பிடிச்சுப் பாத்தேன். அதுல ஒரு லாரிக்காரரு, "யம்மா, எனக்கும் ஒண்ணு பாத்துக் குடுத்துட்டுப் போங்க"ன்னுட்டாரு. குடுத்துட்டுத்தான் வந்தேன். ஆனாலும் எனக்கு இதுல எல்லாம் ஒண்ணும் தெரியாதுக்கா.

அண்ணாச்சி வந்து என்னைய அடையாளம் கண்டுக்கிட்டாரு. நான் எடுத்து வச்சதைப் பாத்துட்டு, "அட, மாப்ளையும் இதைத்தானே எட்டு மாசமாப் பாத்துப் பாத்து வச்சுட்டுப் போறாரு"ன்னாரு. பெருமையா இருந்துச்சு எனக்கு. பழசை எடுத்து மேசை மேல வச்சு, "இதைப் பழைய இரும்போட போட்ருங்க"ன்னேன். அவரு அதைக் கையில எடுத்தாரு. திருப்பித் திருப்பிப் பாத்தாரு. "மாப்ளைக்குத் தெரியுமாம்மா?"ன்னாரு. தெரிஞ்சா விடுவாரான்னேன். "வேணாம்மா, இதையும் கையோட எடுத்துட்டுப் போங்க. சாயங்காலம் அஞ்சு மணிக்கு இரும்புக்காரன் வந்தான்னா டிரம்மோட தூக்கிட்டுப் போயிருவான், அப்புறம் கேட்டாக் கெடைக்காது"ன்னாரு. யாரு கேக்கப் போறா? என் கையாலயே வாங்கி டிரம்முக்குள்ள போட்டேன். டணார்னு ஒரு சத்தம். இனிமே அந்தக் கையில அடி படாதுன்னு அப்படி ஒரு நிம்மதி எனக்கு.

இருங்கக்கா, போனு. அவருதான்.

அலோ. ஆமாங்க, பஸ்லதான் வரேன். உசிலம்பட்டி வரப்போகுது. சாப்பிட்டேன், நீங்க சாப்பிட்டீகளா? ஏன் இன்னும் சாப்பிடல? எதைத் தேடுறீக? ஆமா, நான்தான் எடுத்தேன். அதான் புதுசு வாங்கிட்டேன்ல! நீங்க பாத்துப் பாத்து வச்சுட்டு வந்தீகளே, அதேதான். இனிமே கைக்குப் பயமில்ல. பழசா? அதை அங்கயே போட்டுட்டேன். அண்ணாச்சி கடையில. பழைய இரும்புல. அலோ? இருக்கீகளா? என்னங்க, சரிங்கிறதை இம்புட்டு மெதுவாச் சொல்றீக? அலோ? யாரு, ரபீக் அண்ணனா? சொல்லுங்கண்ணே. ம். ம். எல்லாத்தையுமா கொட்டிட்டாரு? எப்ப இருந்து? என்னண்ணே சொல்றீக? அவரு அப்படியா சொன்னாரு? எத்தனை வருசமா? ம். சரிண்ணே. வச்சுர்றேன்.

ஒண்ணுமில்லக்கா. கண்ணுல தூசி. சன்னலைக் கொஞ்சம் சாத்துங்க.

தூசி இல்லக்கா, அழுகதான். ரபீக் அண்ணன் சொல்றாரு, காலையில இருந்து பெட்டியைச் சாக்குல கொட்டி வச்சுக்கிட்டு உக்காந்திருக்காராம். ஜீப்புக்கு அடியில படுத்துத் தேடியிருக்காரு, சாக்கடையில கையை விட்டுத் தேடியிருக்காரு. சோறு எறங்கலையாம். ரபீக் அண்ணன்கிட்ட நல்ல ராட்செட்டு ரெண்டு இருக்கு, எடுத்துக்கடான்னு எத்தனையோ தரம் குடுத்தாராம். வேணாம்னுட்டாராம். பட்டறையில யாராச்சும் அந்தப் பழசைக் கையில எடுத்தா, "கீழ வைடா, அது என் தலை தீபாவளி மோதிரம்"னு சொல்லுவாராம். "மொத நாளே அவனுக்குத் தெரியும் தங்கச்சி, காதுல வச்சுச் சுத்துனப்பவே தெரியும், அது ஒண்ணுக்கும் ஆகாத சாமான்னு. புதுசு வாங்குனா நீ குடுத்தது மட்டம்னு ஆயிரும், உன் மொகம் வாடிரும்னுதான் வாங்கல"ன்னு ரபீக் அண்ணன் சொல்றாரு.

பைத்தியக்கார மனுசன்! கையைக் கிழிச்சுக்கிட்டு, தையல் போட்டுக்கிட்டு, தங்கம் தங்கம்னு சொல்லிக்கிட்டுத் திரிஞ்சிருக்காரு. என் மொகம் வாடுனா வாடிட்டுப் போகுது, அதுக்காக நரம்பையா விடுவாக? நான் வேற ஊரெல்லாம் கஞ்சம் கஞ்சம்னு சொல்லிக்கிட்டு வந்திருக்கேன். அந்தாளு மேல இம்புட்டு ஆசை எனக்கு இருக்குன்னு எனக்கே இப்பத்தான் தெரியுது.

வேலைக்கு இந்தப் புதுசுதான். அதுல பேச்சே இல்ல, கை பத்திரமா இருக்கணும். ஆனா அது வேணும்க்கா. அது பெட்டியில மேலாக்க சும்மா கெடக்கட்டும். நான் அவருக்குப் போட்ட மோதிரத்தை நானே கழட்டி இரும்புக்காரன்கிட்ட போட்டுட்டு வந்திருக்கேனே!

மணி என்ன? மூணரையா? ஆத்தாடி. கண்டக்டர் தம்பி, விசில் அடிங்க, விசில் அடிங்க! ஆண்டிபட்டிக்குத்தான் டிக்கெட்டு எடுத்தேன், தெரியும், நான் இங்க உசிலம்பட்டியிலயே எறங்கிக்கிறேன். மதுரைப் பஸ்ஸு எதிர்த்தாப்புல நிக்குதா? நிக்கச் சொல்லுங்க!

வரேன்க்கா. கொஞ்சம் காலை ஒதுக்கிக்கோங்க. என்ன, தலையைத் தலையை ஆட்டுறீக? உங்களுக்கு அப்பவே தெரியுமா? எப்ப, எங்கண்ணன்கிட்ட தங்கம்னு சொன்னாருன்னு சொன்னேனே, அப்பயா? அதுக்கும் முன்னாடியேவா? நல்ல ஆளுக்கா நீங்க! ஒரு வார்த்தை வாயைத் தொறந்து சொல்லியிருந்தா நான் கருமாத்தூருலயே எறங்கியிருப்பேன்ல!